பதிப்பகமா, சுயபதிப்பா: எதை வைத்து முடிவெடுப்பது?

மையெழுத்து
எல்லோருக்கும் வணக்கம். 82,000 சொற்களில் ஒரு நாவல், இரண்டாவது திருத்தம் முடிந்து கையில் இருக்கிறது. படங்களோடு கூடிய ஒரு செய்முறைக் கையேடு பாதியில் நிற்கிறது. பதிப்பகத்துக்கு அனுப்புவதா, நானே வெளியிடுவதா என்ற கேள்விக்கு எங்கே தேடினாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பதிப்பகம் பத்து சதவீதம் தரும், கேடிபி (அமேசானின் சுயபதிப்புத் தளம்) எழுபது சதவீதம் தரும்." முடிவு அவ்வளவு எளிதா? ஒப்பந்தம், செலவு, விநியோகம் இவற்றில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ஒப்பந்தவாசகி
எதன் மேல் சதவீதம் என்று கேட்காதவரை அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. பதிப்பக ஒப்பந்தங்களில் ராயல்டி இரண்டு விதமாகக் கணக்கிடப்படும். ஒன்று அட்டை விலை மேல்; மற்றொன்று கழிவுகள் போகப் பதிப்பகத்தின் கைக்கு வரும் நிகர வரவின் மேல். அட்டை விலை 100 என்று வையுங்கள். கடைக்கும் விநியோகஸ்தருக்குமாக 50 கழிவு போனால் நிகர வரவு 50. அதில் 10 சதவீதம் என்றால் உங்களுக்கு 5. அட்டை விலையில் 7.5 சதவீதம் என்றால் 7.50. பெரிய எண் இருக்கும் ஒப்பந்தம்தான் இங்கே குறைவாகத் தருகிறது. "நிகரம்" என்ற சொல்லுக்கு ஒப்பந்தத்துக்குள்ளேயே வரையறை இருக்க வேண்டும். அச்சுச் செலவையும் விளம்பரச் செலவையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நிகரம் என்று எழுதியிருந்தால், அது ராயல்டி இல்லை, லாபப் பங்கு. செலவை முடிவுசெய்வது அவர்கள் என்பதால் அந்தப் பங்கு எவ்வளவாகும் என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

ஆங்கிலப் பதிப்புலகில் வழக்கமான அளவுகள் இவை: கெட்டி அட்டைக்கு அட்டை விலையில் 10 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை ஏற ஏற 12.5, 15, மென்னட்டைக்கு 7.5 அளவில், மின்னூலுக்கு நிகரத்தில் 25. உங்கள் சார்பில் பதிப்பகத்தோடு பேசும் முகவர் இருந்தால் உள்நாட்டு விற்பனையில் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை விற்பனையில் பெரும்பாலும் 20 அவருக்குப் போகும்.

முன்பணம் பலர் நினைப்பதுபோல் கூடுதல் சம்பளம் அல்ல. வரப்போகும் ராயல்டியில் இருந்து முன்னதாகத் தருவது. மொத்தமாகவும் வராது, கையெழுத்திடும்போது, கைப்பிரதி ஏற்கப்பட்டபோது, நூல் வெளியானபோது என்று மூன்று தவணையாகப் பிரிப்பது வழக்கம். 3,000 டாலர் முன்பணம், 15 டாலர் விலையுள்ள மென்னட்டை, 7.5 சதவீதம் என்றால் ஒரு பிரதிக்கு 1.125 டாலர். 2,667 பிரதி விற்ற பிறகுதான் அடுத்த காசு வரும். ஆனால் விற்காமல் போனாலும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கைப்பிரதியையே ஒப்படைக்காவிட்டால்தான் திருப்பிக் கேட்பார்கள். நஷ்ட அபாயம் பதிப்பகத்தின் தலையில் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாரம்.

தனிவழி
அந்தப் பக்கம் அப்படியென்றால் இந்தப் பக்கத்து "எழுபது" பற்றி நான் சொல்கிறேன். கேடிபியில் 70 சதவீதம் மின்னூலுக்கு மட்டும், அதுவும் அமெரிக்கத் தளத்தில் விலை 2.99 முதல் 9.99 டாலருக்குள் இருந்தால்தான். 2.49 என்று வைத்தால் 35 சதவீதம். கையில் வருவது 0.87. விலையை 2.99 ஆக்கினால் ஏறத்தாழ 2.09. அரை டாலர் வித்தியாசத்தில் வருமானம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது.

70 சதவீதத் திட்டத்தில் இன்னொரு கழிவும் உண்டு. கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு மெகாபைட்டுக்கு 0.15 டாலர் "டெலிவரி கட்டணம்" விலையிலிருந்து முதலில் கழியும். மீதியில்தான் 70 சதவீதம். உங்கள் நாவல் வெறும் எழுத்து என்பதால் 1 மெகாபைட்கூட வராது, கவலை இல்லை. செய்முறைக் கையேடு படங்களோடு 20 மெகாபைட் ஆகிவிட்டால், 4.99 விலையில் 3.00 டாலர் டெலிவரிக்கே போய்விடும். மிச்சம் 1.99, அதில் எழுபது சதவீதம் 1.39. அதே நூலை 35 சதவீதத் திட்டத்தில் வைத்தால் டெலிவரி கட்டணம் கிடையாது, 1.75 வரும். படமுள்ள நூலுக்குக் குறைந்த சதவீதமே கூடுதல் பணம் தரும் இடம் இது. படங்களைச் சுருக்கிக் கோப்பை 5 மெகாபைட்டுக்குள் கொண்டுவர முடிந்தால் கணக்கு மறுபடி 70 சதவீதத்தின் பக்கம் சாயும்.

அச்சுப் பிரதிக்கு விகிதமே வேறு. அமேசான் தளத்தில் விலையின் 60 சதவீதத்திலிருந்து அச்சுச் செலவைக் கழிப்பார்கள். 2025 ஜூன் முதல் 9.99 டாலருக்குக் கீழே விலை வைத்தால் 60 இல்லை, 50. 14.99 விலை, அச்சுச் செலவு 4.60 என்று வையுங்கள்: 8.99 கழித்தல் 4.60, அதாவது 4.39 உங்களுக்கு.

பணம் வரும் வேகத்தில் சுயபதிப்புக்கு நிச்சயமான மேன்மை உண்டு. ஒரு மாதத்து விற்பனைக்கான தொகை அந்த மாதம் முடிந்து சுமார் 60 நாளில் வந்துவிடும். பதிப்பகக் கணக்கு அரையாண்டுக்கு ஒருமுறை, அதுவும் காலம் முடிந்து மூன்று மாதம் கழித்து. ஜனவரியில் விற்ற பிரதிக்கான கணக்கைச் செப்டம்பர் கடைசியில் பார்ப்பீர்கள்.

மெய்ப்புநோக்கி
வருமானம் இருக்கட்டும், செலவுக்கு யாரும் இன்னும் வரவில்லையே. பதிப்பகம் எடுத்துக்கொள்ளும் பங்கில் மூன்று அடுக்குத் திருத்தம் அடக்கம். சுயபதிப்பில் அதை நீங்கள் வாங்க வேண்டும், வரிசை மாறாமல் வாங்க வேண்டும்.

முதலில் அமைப்புத் திருத்தம்: எந்த அத்தியாயம் தேவையில்லை, எந்தப் பாத்திரம் பாதியில் காணாமல் போகிறது, எங்கே கதை தொய்கிறது என்பது. அடுத்து மொழித் திருத்தம்: வாக்கியம், ஒருமை பன்மை, சந்தி, பெயர்களின் எழுத்துக்கூட்டல், காலக் குழப்பம். கடைசியில் மெய்ப்பு. மெய்ப்பு என்பது பக்க வடிவமைப்பு முடிந்த பிடிஎஃபில் பார்ப்பது. வேர்டு கோப்பில் பார்ப்பது அல்ல. வடிவமைக்கும்போது புதிதாகத் தவறுகள் நுழையும் என்பதால்தான் இந்தக் கட்டமே இருக்கிறது.

பலர் பணத்தை மிச்சம் பிடிக்க மெய்ப்பை மட்டும் பார்க்கச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் எழுத்துப்பிழை இல்லாத, தொய்வான நாவல் கிடைக்கும். வாசகர் புத்தகத்தைப் பாதியில் வைப்பது தொய்வினால். பணம் குறைவு என்றால் முழு அமைப்புத் திருத்தத்துக்குப் பதிலாகக் கைப்பிரதி மதிப்பீடு கேளுங்கள். திருத்துபவர் கோப்பைத் தொடாமல், முழுவதும் படித்துச் சில பக்க அறிக்கை தருவார். செலவு மிகவும் குறையும். மாற்றங்களை நீங்களே செய்யலாம். எவரையும் அமர்த்தும் முன் 1,000 முதல் 2,000 சொல் அளவுக்கு மாதிரித் திருத்தம் செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் நடையைத் தன் நடையாக மாற்றுகிறவரா, உங்கள் நடையைத் தெளிவாக்குகிறவரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

திருத்தமும் அட்டையும் சேர்த்து 2,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 4.99 விலை மின்னூல் பிரதிக்கு ஏறத்தாழ 3.40 வீதம் சுமார் 590 பிரதி விற்றால் முதலீடு திரும்பும். உங்களிடம் ஏற்கெனவே மின்னஞ்சல் பட்டியலோ தொடர் வாசகர்களோ இருந்தால் அது எட்டக்கூடிய எண். யாருக்கும் தெரியாத பெயரில் வரும் முதல் நாவலுக்கு அது கடினமான எண். இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

மையெழுத்து
மிக்க நன்றி. இடையில் ஒன்று கேட்க வேண்டும். ஒரு நிறுவனம் கைப்பிரதியைப் பார்த்த ஒரே வாரத்தில் "ஏற்றுக்கொண்டோம், கூட்டு முதலீட்டுத் திட்டத்தில் உங்கள் பங்கைக் கட்டினால் பதிப்பிக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. இது எந்த வகையில் சேரும்?

ஒப்பந்தவாசகி
பதிப்பகம் என்றால் பணம் எழுத்தாளரை நோக்கி வர வேண்டும். நீங்கள் கட்டினால் நீங்கள் வாடிக்கையாளர். அப்போது நூலின் எல்லா உரிமையும் விற்பனைத் தொகையின் பெரும்பங்கும் உங்களிடமே இருக்க வேண்டும். இந்த வகை ஒப்பந்தங்களில் நடப்பது என்னவென்றால், செலவும் உங்களுடையது, உரிமையும் அவர்களுக்கு. இரண்டு பக்கத்துத் தீமையும் ஒரே தாளில்.

பணம் கட்டும் முறை எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் சுயேச்சைப் பதிப்பாளர் சங்கமான ஐபிபிஏ இத்தகைய கலப்புப் பதிப்பகங்களுக்கு என்று 2018இல் அளவுகோல்களே வெளியிட்டது. கைப்பிரதிகளைத் தேர்ந்தெடுத்து ஏற்பது, தரமான தயாரிப்பு, உண்மையான விநியோகம், வழக்கத்தைவிடக் கூடுதல் ராயல்டி ஆகியவை அதில் வரும். உங்களுக்கு வந்த கடிதத்தை இதோடு ஒப்பிடுங்கள். நூலின் ஒரு காட்சியைப் பற்றியாவது குறிப்பாக ஏதேனும் எழுதியிருக்கிறார்களா? விநியோகம் என்றால் இணையக் கடையில் பட்டியலிடுவது மட்டும்தானா, கடைகளுக்குச் செல்லும் விற்பனைப் பிரதிநிதி இருக்கிறாரா? இத்தனை பிரதியை எழுத்தாளர் வாங்கியே ஆக வேண்டும் என்ற வரி இருக்கிறதா? அந்தக் கடைசி வரி இருந்தால் அவர்களின் சந்தை வாசகர் அல்ல, நீங்கள். வாசிப்புக் கட்டணம் கேட்கும் முகவருக்கும் இதே பதில்தான். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கத்தின் ஆதரவில் இயங்கும், பதிப்புலக மோசடிகளைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

பக்கவடிவன்
தமிழ் நூல் என்பதால் கோப்பு பற்றிச் சொல்லியாக வேண்டும். சுயபதிப்பில் பாதிப் பணம் வீணாவது இங்கேதான்.

கைப்பிரதி யூனிகோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது அச்சுத்தாளில் சரியாகத் தெரியும். ஈபப் என்ற மின்னூல் கோப்பாக்கினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்குக் கொண்டுவந்தாலும், நூலில் ஆங்காங்கே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிவிடும். அதனால் மாற்றிய பிறகு முழு வாசிப்பு தேவை.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சில பத்திகளில் மட்டும் இது மாறாமல் விடுபட்டுவிடும். மெய்ப்பில் அகப்படாமல் அச்சாவதும் உண்டு. பத்தி ஸ்டைலிலேயே அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது.

அட்டை. முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது. கேடிபி கணக்கில் வெள்ளைத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் தாளுக்கு 0.0025. 5.5 × 8.5 அங்குல நூல், கிரீம் தாள், 300 பக்கம் என்றால் முதுகு 0.75 அங்குலம். முழு அட்டைக் கோப்பு: ஓரம் வெட்ட 0.125, பின்னட்டை 5.5, முதுகு 0.75, முன்னட்டை 5.5, மறுபடி 0.125. மொத்தம் 12 அங்குல அகலம், 8.75 உயரம். மெய்ப்புக்குப் பிறகு 12 பக்கம் கூடினால் முதுகு 0.03 நகர்ந்து, தலைப்பு நடுவிலிருந்து விலகும். ஆகவே உள்பக்கம் உறுதியாகும்வரை வடிவமைப்பாளரிடம் முன்னட்டையை மட்டும் வாங்குங்கள். கிரீமா வெள்ளையா என்பதையும் அதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். 300 பக்கத்துக்குத் தையல் பக்க ஓரம் குறைந்தது 0.5 அங்குலம், 300ஐத் தாண்டினால் 0.625. பக்கம் 298 என்று நின்றால் எச்சரிக்கையாக இருங்கள். இரண்டு மூன்று பக்கம் கூடினால் உள்பக்கம் முழுவதையும் மறுபடி வடிவமைக்க வேண்டும்.

ஒரு முக்கியமான சங்கதி: எந்தத் தளமும் எல்லா மொழிக்கும் எல்லா வடிவத்தையும் தருவதில்லை. மின்னூலுக்குத் தமிழை ஏற்கும் தளம் அச்சுக்கும் ஏற்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வடிவமைப்புக்குப் பணம் கொடுக்கும் முன் அந்தத் தளத்தின் மொழிப் பட்டியலில் அச்சுப் பிரிவைத் தனியாகப் பாருங்கள்.

நூலடுக்கு
தனிவழி காட்டிய 4.39 கணக்கு அமேசானில் விற்றால்தான். அதே நூல் கடை அலமாரியில் நிற்க வேண்டும் என்றால் கணக்கு உடனே மாறும். கடைகள் வாங்குவது மொத்த விநியோகஸ்தர் வழியாக. அச்சடித்துக் கடைகளுக்கு விநியோகிக்கும் சுயபதிப்புத் தளமான இன்கிராம்ஸ்பார்க்கில் கடைகள் எதிர்பார்க்கும் மொத்தக் கழிவு 55 சதவீதம். 14.99இல் 45 சதவீதம் 6.75; அச்சுச் செலவு அதே 4.60 என்றால் உங்களுக்கு அதிகபட்சம் 2.15. கழிவை ஓரளவு குறைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் கடைக்காரர் எடுக்க மாட்டார்.

திரும்பப்பெறுதல் இன்னும் முக்கியம். விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனை இல்லாத நூலைப் பல கடைகள் வாங்கவே மாட்டா. நிபந்தனையை ஏற்றால், 100 பிரதி எடுத்த கடை 70ஐத் திருப்பினால் அந்த 70க்கான மொத்த விற்பனை விலை முழுவதும் உங்கள் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். மாதங்கள் கழித்து எதிர்மறை எண்ணில் கணக்கு வரும்போதுதான் பலருக்கு விஷயமே புரிகிறது. பதிப்பகத்திலும் இதே காரணத்துக்காக ராயல்டியில் ஒரு பகுதியை "திரும்பும் பிரதிகளுக்கான இருப்பு" என்று நிறுத்திவைப்பார்கள். எத்தனை சதவீதம், எத்தனை கணக்குக் காலத்துக்கு என்று உச்சவரம்பு எழுதி வாங்குங்கள்.

நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் பற்றியும் ஒரு வார்த்தை. மென்னட்டை, கெட்டி அட்டை, ஈபப் ஒவ்வொன்றுக்கும் தனி எண். தளம் இலவசமாகத் தரும் எண்ணை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது. கடை விநியோகம் எண்ணத்தில் இருந்தால் சொந்த எண்ணே சரி. சில நாடுகளில் அது இலவசம், சிலவற்றில் கட்டணம்.

தனிவழி
நூலடுக்கு சொல்வது சரி, அதனால்தான் சுயபதிப்பில் மின்னூலை மையமாக வைத்து யோசியுங்கள் என்கிறேன். கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால், சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்கள் படிக்கும் பக்கத்துக்கு ஏற்பப் பணம் வரும். நீண்ட நாவலுக்கும் தொடர்வரிசைக்கும் பொருந்தும் ஏற்பாடு.

ஒப்பந்தவாசகி
அங்கே நிபந்தனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 90 நாள் தனியுரிமை, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் மின்னூல் வேறு கடையில் இருக்கக் கூடாது, சொந்த இணையதளத்தில் இலவசமாகக்கூட வைக்கக் கூடாது; மாதிரியாக 10 சதவீதம் வரை வைக்கலாம். அச்சுப் பிரதிக்கு இந்தத் தடை இல்லை. நாவலை இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டிருந்தால் சேரும் முன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரே தளத்தை மட்டும் நம்பி வருமானம் நிற்பது அபாயம். கணக்கு முடக்கப்பட்டால் எல்லா நூலும் ஒரே நாளில் மறையும். கோப்புகள், விற்பனை அறிக்கைகள், வாசகர் மின்னஞ்சல் பட்டியல் மூன்றும் தளத்துக்கு வெளியே உங்களிடம் இருக்கட்டும்.

மையெழுத்து
ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. நாவலை முதலில் சுயமாக வெளியிட்டு, நன்றாகப் போனால் பதிப்பகத்துக்குக் கொண்டுபோகலாமா? கையேட்டை எப்படி?

மெய்ப்புநோக்கி
நாவலுக்கு அந்த வரிசை வேண்டாம். பதிப்பகம் விலை கொடுத்து வாங்குவது முதல் வெளியீட்டு உரிமையை. நீங்களே வெளியிட்டால் அது தீர்ந்துவிடும். பிறகு அவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்க மிகப் பெரிய விற்பனை எண் தேவை. நடுத்தர விற்பனை உங்களுக்கு எதிரான சான்றாகவே போய்விடும். பதிப்பகம் மறுத்த நூலைச் சுயமாக வெளியிட எந்தத் தடையும் இல்லை. ஆகவே முதலில் அனுப்புங்கள், கெடு வைத்து அனுப்புங்கள். ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சொல்லும் கதைச்சுருக்கம், அவர்கள் கேட்கும் அளவில் தொடக்க அத்தியாயங்கள். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவதை ஏற்கிறார்களா என்று பார்த்து, ஆறு எட்டு இடங்களுக்கு ஒரு சுற்று. எல்லாரும் கடிதத்திலேயே நிறுத்தினால் கடிதத்தை மாற்றுங்கள். முழுப் பிரதியைக் கேட்டுவிட்டு மறுத்தால் நாவலைப் பாருங்கள். உங்கள் கெடுவுக்குள் முடிவு வராவிட்டால் தனிவழியின் பாதை திறந்தே இருக்கிறது.

கையேட்டை எழுதி முடிக்க வேண்டாம். புனைவல்லாத நூலுக்கு முன்மொழிவும் இரண்டு மூன்று மாதிரி அத்தியாயங்களும் போதும். யார் வாங்குவார், சந்தையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, இதில் என்ன புதிது, வாசகரை எட்ட உங்களிடம் என்ன வழி என்பதைத்தான் முன்மொழிவில் பார்ப்பார்கள். படச் செலவை யார் ஏற்பது என்றும் அப்போதே பேசிவிடலாம்.

ஒப்பந்தவாசகி
இரண்டையும் இரு வழியில் கொண்டுபோவதாக இருந்தால் நாவல் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைத் தேடிப் படியுங்கள். போட்டி நூல் தடை: "இந்நூலின் விற்பனையைப் பாதிக்கும் எதையும் வெளியிடக் கூடாது" என்று விரிவாக இருந்தால், உங்கள் கையேடுகூட அதில் சிக்கலாம், அதே கதைக்களத்தில் அமைந்த நாவல் என்று சுருக்கி எழுதச் சொல்லுங்கள். அடுத்த நூல் மீதான முதல் தேர்வு உரிமை: புனைவுக்கு மட்டும், 60 நாளில் பதில் தர வேண்டும், அதே விலைக்குத் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்று வரம்பு கட்டுங்கள். இரு நூலின் கணக்கைச் சேர்க்கும் வரி: ஒரு நூலின் முன்பணம் தீராவிட்டால் இன்னொன்றின் ராயல்டியிலிருந்து பிடிக்கலாம் என்பது. அதை நீக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட ராயல்டியில் அரை சதவீதம் விட்டுக்கொடுத்தாவது வாங்க வேண்டியது உரிமை திரும்பும் பிரிவு. "நூல் அச்சில் இல்லாதபோது உரிமை திரும்பும்" என்ற பழைய வாசகம் இன்று பயனற்றது; மின்னூல் பட்டியலில் இருக்கும்வரை, கேட்டால் ஒரு பிரதி அச்சடிக்கும் வசதி இருக்கும்வரை நூல் "அச்சில்" இருப்பதாகவே சொல்லிவிடலாம். எண்ணால் எழுதுங்கள்: தொடர்ந்து 12 மாதத்தில் எல்லா வடிவமும் சேர்த்து 200 பிரதிக்குக் குறைவாக விற்றால், எழுத்தாளர் கடிதம் கொடுத்த 90 நாளில் உரிமை திரும்பும். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகளைப் பதிப்பகம் வாங்கிவிட்டுக் குறிப்பிட்ட காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் தனித்தனியாகத் திரும்பட்டும். கையெழுத்திட்டு 18 அல்லது 24 மாதத்தில் வெளியிடாவிட்டாலும் திரும்பட்டும், முன்பணம் உங்களிடமே இருக்கட்டும்.

மையெழுத்து
உரிமை திரும்பினால் அதே புத்தகத்தை அப்படியே கேடிபியில் ஏற்றிவிடலாமா?

ஒப்பந்தவாசகி
முடியாது. திரும்புவது உங்கள் எழுத்தின் உரிமை. அட்டைப்படம் பதிப்பகத்தினுடையது அல்லது ஓவியருடையது. பக்க வடிவமைப்புக் கோப்பைத் தர வேண்டிய கடமையும் பொதுவாக அவர்களுக்கு இல்லை. புது அட்டை, புது வடிவமைப்பு, புது ஐஎஸ்பிஎன் வேண்டும். ஒப்பந்தம் பேசும்போதே "உரிமை திரும்பும்போது இறுதிப் பிரதியின் கோப்பை அடக்க விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் முடிந்த இறுதி வடிவத்தை மெய்ப்புக் கட்டத்திலேயே உங்கள் கணினியில் சேமித்துவையுங்கள். பெரும்பாலானவர்களிடம் இருப்பது பதிப்பகத்துக்கு முதலில் அனுப்பிய திருத்தாத பிரதிதான்.

பக்கவடிவன்
மெய்ப்பு பிடிஎஃபை மட்டும் வைத்துக்கொண்டு, அதிலிருந்து தமிழை நகலெடுத்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறி வரும், சில எழுத்துகள் விடுபடும். வேர்டு கோப்பாகவோ ஐடிஎம்எல் (இன்டிசைனின் பரிமாற்ற வடிவம்) கோப்பாகவோ கேளுங்கள்.